கழித்த படங்கள்

திரையில், குளியலறைக் குழாயின் வளைவில் நகத்தளவு நின்றிருந்த கணவரை அவள் அழித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண் முதலில் நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பிறகு, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அந்த இரண்டாவது கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஏனென்று தெரியாமல், செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்த பிறகுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அது காலையில். மருத்துவமனைக்குப் போய், பார்த்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, நாத்தனாரின் கணவர் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைக்க, இப்போது மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போடும் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்துச் செய்த அறை அது. அதற்கு அவர்கள் ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஆபீஸ் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறையிலிருந்து பத்தடி நடந்து இங்கே வருவார்.

நேற்று மாலை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவர்தான் அவளை விரட்டினார். "நெஞ்சு லேசாதான் வலிக்குது. நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு அந்த வீட்டை முடிச்சுக் குடுத்துட்டு வா. இல்லேன்னா புரோக்கர் என் உயிரை எடுத்துருவான்." அவள் போகவில்லை. இரவு முழுக்க பக்கத்திலேயே இருந்தாள். விடிந்த பிறகு, அவர் மறுபடியும் சொன்ன பிறகு, போனாள்.

"ஏம்மா." நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். அவருடைய அக்கா. அழுது முடித்த முகத்தோடு வேலைகளை ஏற்றுக்கொண்டிருந்தாள். "ஐஸ் பொட்டி வர்றதுக்குள்ள ஒரு நல்ல போட்டோ எடுத்துக் குடு. கடையில பெருசு பண்ணிக் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

"பாக்குறேன் அண்ணி."

"கல்யாண போட்டோ வேணாம். அதுல சின்னப் பையன் மாதிரி இருக்கான், மீசை கூட ஒழுங்கா இல்ல. இப்ப எடுத்தது வேணும். கண்டவன் வீட்டையெல்லாம் படம் புடிச்சானே, அவன் மூஞ்சி ஒண்ணாச்சும் இருக்கும்ல?"

"இருக்கும்."

"இல்லேன்னா அடையாள அட்டையில இருக்குறதுதான். அதுல திருட்டுக் கேஸ்ல புடிச்சு வச்ச மாதிரி முழிக்கிறான். அதை முன்னாடி வச்சா வர்றவன் பயந்துருவான்." சொல்லிவிட்டு நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்து, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் காத்திருக்கும் வீடுகளைப் படம் எடுப்பது அவர் தொழில். உயரமும் ஒல்லியுமாக, கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டாண்டு போல நிற்பதால் புரோக்கர்கள் அவரை ஸ்டாண்டு என்றே கூப்பிட்டார்கள். அவர் எடுப்பார், அவள் திருத்துவாள். சுவரின் கோணலை நிமிர்த்துவாள், ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் கொண்டுவருவாள். ஆனால் அவள் வேலையில் பாதி, அவரை அழிப்பதுதான். ஆளில்லாத வீட்டில் இத்தனை கண்ணாடி இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பீரோக் கதவு, அணைந்த டிவி, அடுப்பின் கண்ணாடி மூடி, குழாய், கதவுக் கைப்பிடி என்று எல்லாவற்றிலும் ஸ்டாண்டும் அவரும் நிற்பார்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்பது பிடிக்காது. அதனால் அவள் பிரஷ்ஷை எடுத்து, பக்கத்திலிருக்கும் பளபளப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அவர்மேல் பூசி, அவரை மறைத்துவிடுவாள்.

இதையே இத்தனை வருடங்களாகச் செய்துகொண்டிருந்தாள். ஒருநாளும் அதில் எதுவும் தோன்றியதில்லை.

ஆனால் அவள் இப்போது தேடியது திருத்திய படங்களை அல்ல, கழித்த படங்களை. ஒவ்வொரு அறைக்கும் அவர் நாலைந்து படம் எடுப்பார். அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுவாள். அந்தக் கழித்த படங்களில்தான் அவர் இருந்தார்.

முதலில் அது தற்செயலாகத்தான் நடந்தது. டைமரைப் போட்டுவிட்டு அறையை விட்டு ஓடும்போது நேரம் போதாமல் ஒரு படத்தின் ஓரத்தில் ஓடுகிற இரண்டு கால்கள் விழுந்தன. அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அது பக்கத்து அறையில் இருந்த அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வீட்டில், யாரோ ஒருவருடைய சோபாவில் முதலாளி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வீட்டில் குழந்தைகள் அறையின் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து ஒரு கை மட்டும் தொங்கியது. அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ காலித் தட்டின் முன்னால் பசியோடு காத்திருப்பார். காலி அலமாரிக்குள் மடங்கி நிற்பார். வீட்டில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனிதர் அவர்.

அவள் பார்ப்பாள். சிரிப்பாள். பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் நின்றுவிடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். மூன்றாம் மனுஷர் ஒருவருக்கும் தெரியாது. மகளுக்குக்கூட.

கம்ப்யூட்டர் திணறியது. அவள் பின்னோக்கிப் போகப் போக, படங்களுக்குப் பதிலாகச் சாம்பல் கட்டங்கள் வந்து நின்றன. வெகுநேரம் கழித்து ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. கழித்த படங்களின் அசல்கள் எதுவும் இப்போது இல்லை. வருடக் கடைசியில் அவர் உட்கார்ந்து அவற்றையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நீக்கிவிடுவார்; இந்த வருடத்துக்கானதைப் போன வாரம்தான் நீக்கியிருந்தார். "மெஷின் தவழுது. உனக்குத்தான் கை வலிக்குது, கொஞ்சம் ஓடட்டும்" என்பார். அசல் போன பிறகும் சாஃப்ட்வேர் அவற்றின் நகத்தளவு நகல்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. படம் எங்கே போனதென்று அதற்குத் தெரியவில்லை. காணாமல்போனவற்றை மொத்தமாக நீக்கிவிட ஒரு கட்டளை உண்டு. அதைச் செய்தால் இரண்டு மடங்கு வேகமாகும் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "அதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மூடிவிடுவார். ஒவ்வொரு வருடமும் அதைத்தான் சொன்னார்.

ஒரு சமையலறையில் அவள் நின்றாள். வெள்ளை அலமாரிகள் கொண்ட பெரிய சமையலறை. எரியாத அடுப்பில் இல்லாத வாணலியை வைத்து அவர் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். மற்ற படங்களில் பாதி முகம், முதுகு, கை. இதில் முழு முகமும் கேமராவைப் பார்த்திருந்தது. உப்புச் சரியா என்று கேட்பதுபோல் புருவத்தைத் தூக்கியிருந்தார். முகம் கேமரா பக்கம் இருந்தாலும் அவர் பார்த்தது கேமராவை அல்ல, தன்னை என்பது அவளுக்குத் தெரியும்.

அதைப் பெரிதாக்கச் சொல்லி அழுத்தினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. மகள். பயணப் பையை இன்னும் இறக்கி வைக்கவில்லை. கண்கள் வீங்கி, தலைமுடி கலைந்து, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவளைப் போல இருந்தாள்.  மகள் குனிந்து அம்மாவின் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்த எடை அவளுக்கு வேண்டியிருந்தது.

"சாப்டியாடி?"

"நீ சாப்டியா?"



"அத்தை போட்டோ கேட்டாங்க" என்றாள் மகள். "என் போன்ல தேடினேன்மா. வீடியோ கால்ல பிடிச்சு வச்சதுதான் இருக்கு. எல்லாத்துலயும் அப்பாவோட நெத்தியும் ஃபேனும்தான். தொழில்முறை புகைப்படக் கலைஞராம்!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "என்ன இது, சுத்திக்கிட்டே இருக்கு?"

"வரும். நேரம் எடுக்கும்."

"எப்பம்மா கடைசியா இதைச் சுத்தம் பண்ணீங்க? அடைச்சுக் கெடக்கும்."

"அப்பாதான் பண்ணுவார்."

மகளுக்கு வேலை கம்ப்யூட்டரோடுதான். நின்றுபோன எதையும் அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதில் அடைத்த தொட்டிக் குழாயைக் கழற்றிவிட்டுச் சமையலறையை நனைத்தவள். சொல்லலாமா என்று தாய்க்குத் தோன்றியது. இதோ பார், உங்கப்பா யார் யார் வீட்டிலோ என்ன செய்திருக்கிறார் பார் என்று. படம் வரட்டும், வந்ததும் காட்டுவோம் என்று நினைத்தாள். இத்தனை வருடம் தனக்கு மட்டுமே இருந்ததை இன்னும் ஒரு நிமிடம் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள் என்பதும் உண்மைதான்.

"ஏம்மா, இங்க வா, சட்டை எடுத்துக் குடு" என்று படுக்கையறையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"நீ போம்மா, நான் பாத்துக்குறேன்" என்று மகள் பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"என்னடியம்மா இது? கறுப்பு, கறுப்பு, சாம்பல், மறுபடியும் கறுப்பு. எந்தம்பிக்கு ஒரு கலர் சட்டை வாங்கித் தரணும்னு உனக்குத் தோணவே இல்லையா? ஒரு வெள்ளைச் சட்டைகூடவா இருக்காது?"

"வேலைக்குக் கறுப்புதான் அண்ணி. வெள்ளை போட்டா கண்ணாடியில பளிச்சுனு விழும்."

நாத்தனார் கையிலிருந்த ஹேங்கரைப் பார்த்தாள். "இனிமே எந்தக் கண்ணாடியிலம்மா விழப்போறான்" என்றாள் மெதுவாக.

கடைசியில் ஒரு கறுப்புச் சட்டையையே எடுத்தார்கள். கழுத்துப் பட்டை வெளுத்துப் போயிருந்தது. பொத்தான் ஒன்று தொங்கியது. நாத்தனார் ஊசியும் நூலும் கேட்டாள். ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. இவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பொத்தானைத் தைத்தார்கள். தேவைக்கு அதிகமான நூல் சுற்றி, இறுக்கி, இனி எந்தக் காலத்திலும் விழாதபடி.

சட்டையை மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வந்ததிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம்.

"பாரும்மா இப்ப!"

மகள் சக்கரத்தை உருட்டினாள். படங்கள் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு ஓடின. நிமிர்ந்த சுவர்கள், சுத்தமான சோபாக்கள், நீல வானம் பதித்த ஜன்னல்கள். ஒரு கட்டம்கூடச் சாம்பலாக நிற்கவில்லை.

"ஒண்ணுமே இல்லாத படத்தையெல்லாம் கேட்டலாக்ல வச்சிருந்துருக்கீங்க. ஒரிஜினலே கிடையாது, கேள்விக்குறி போட்டு ஆயிரக்கணக்குல நிக்குது. அதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் தூக்கிட்டேன். பழைய பிரிவியூ, அந்தக் குட்டிக் குட்டி நகல் எல்லாம் துடைச்சாச்சு, குப்பைக் கூடையும் காலி. இனிமே நீ உக்காந்து காத்துக்கிட்டிருக்க வேணாம்."

தாய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேசை விளிம்பில் ஒரு சிராய்ப்பு இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். திரையில் வெள்ளை அலமாரிச் சமையலறை வந்து போனது. அடுப்பு சுத்தமாக இருந்தது. அடுப்பின் முன்னால் யாரும் இல்லை.

"என்னம்மா?" மகளின் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. "ஏதாவது தேவையானது போயிடுச்சா?"

அவள் மகளைப் பார்த்தாள். அதே நீண்ட கழுத்து. அதே போல புருவத்தைத் தூக்கிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள். இன்று காலை அப்பா இறந்துபோன பெண். வந்ததிலிருந்து அவள் கையால் சரியாக நடந்த காரியம் இது ஒன்றுதான்.

"இல்ல" என்றாள். "நல்லா ஓடுது."

"அப்பா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு இல்ல?"

"ம்."

மகள் மறுபடியும் திரைக்குத் திரும்பினாள். "ஆனா அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் வெறும் வீடுதான். மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். ஒரு இடத்துலகூட இல்ல."

தாய் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மௌஸை வாங்கி, காலையில் விட்டுப்போன வீட்டைத் திறந்தாள். கடைசி வீடு. அதன் அசல்கள் இன்னும் இருந்தன. ஆனால் அந்த வீட்டில் அவர் எதுவும் செய்திருக்கவில்லை. எல்லா அறைகளும் காலியாக, ஒழுங்காக, அறைக்கு ஒரே ஒரு படமாக இருந்தன. சோபாவில் யாரும் உட்காரவில்லை. முந்தாநாள் அவற்றை முதன்முதலாகத் திறந்தபோதே அவள் அதைக் கவனித்திருந்தாள். பக்கத்து அறையில் அவர் சீக்கிரமே படுத்துவிட்டிருந்தார். எழுப்பிக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இங்க பாரு" என்று குளியலறைப் படத்தைக் காட்டினாள். "இந்தக் குழாய்."

"குழாய்தான்."

திருத்தங்களை எல்லாம் விலக்கும் பொத்தானை அழுத்தினாள். குழாயின் வளைவில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. பெரிதாக்கினாள். கோட்டுக்குத் தலை முளைத்தது. கைகள் முளைத்தன. கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, வளைவில் வளைந்து, ஒட்டகச்சிவிங்கி போல நீண்டு நின்றார். இன்னொரு கை சுவரில் ஊன்றியிருந்தது. மூச்சு வாங்கியிருக்க வேண்டும்.

மகள் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். 

"இதுல?" என்றாள் கடைசியில், அடுத்த படத்தைக் காட்டி.

"நீயே தேடு."

மகள் அழுத்தினாள். தேடினாள். டிவியின் இருட்டுக்குள் ஸ்டாண்டின் மூன்று கால்களும் அவருடைய இரண்டு கால்களும் இருந்தன. பீரோக் கைப்பிடியில் ஒரு தோள். அடுப்பு மூடியில் முழங்கை. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது மகள் "இதோ" என்றாள், அழுதுகொண்டே, ஒளிந்து விளையாடிய நாட்களில் சொன்னது போல. "இதோ. அம்மா, இதோ." எதிலும் முகம் இல்லை. எல்லாவற்றிலும் கேமராதான் முகமாக இருந்தது.

தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புச் சரியா என்று கேட்ட அந்தப் புருவத்தைத் தனக்குள் ஒருமுறை வரைந்து பார்த்தாள். இப்போது வந்தது. நாளைக்கும் வருமா என்று தெரியவில்லை.

மேசைமேல் போன் அதிர்ந்தது. புரோக்கர்.

"மேடம், ஸ்டாண்டு சாருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன், எடுக்க மாட்டேங்குறாரு. பார்ட்டி நிக்கிறாங்க மேடம், படம் ரெடியா? சார் எங்க?"

மகள் போனைப் பிடுங்கப் போனாள். தாய் கையைக் காட்டித் தடுத்தாள்.

"வந்துக்கிட்டிருக்காரு" என்றாள்.

"அப்ப சரி மேடம், வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று புரோக்கர் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. கதவின் இரண்டு பக்கங்களையும் திறந்தார்கள். "மெதுவா, மெதுவா, செவுத்துல இடிக்காம" என்று நாத்தனாரின் கணவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். சோபாவைச் சுவரோடு தள்ளி ஹாலின் நடுவில் இடம் பண்ணியிருந்தார்கள். கடையிலிருந்து வந்த படத்தை நாத்தனார் தலைமாட்டில் ஸ்டூல்மேல் வைத்தாள். அடையாள அட்டைப் படம்தான். அவர் திகைத்துப்போய் எல்லோரையும் முழித்துப் பார்த்தார்.

குளிர்பெட்டியின் மேல்மூடி முழுக்கக் கண்ணாடி. ஹாலின் ஜன்னல்கள் இரண்டும் அதில் விழுந்தன. அவர் நெற்றிமேல் ஒரு ஜன்னல் கிடந்தது. வாயின்மேல் நீளமாக டியூப் லைட். குனிந்து பார்க்க வந்தவர்களின் தலைகள் அவர் மார்பின்மேல் வந்து வந்து போயின. மற்றவர்களுக்கு அவர் தெரிந்திருக்க வேண்டும், பார்த்ததும் அழுதார்கள். அவளுக்குத்தான் ஜன்னலும் விளக்கும் தலைகளுமாகத் தெரிந்தது.

"அண்ணி, அந்தத் திரையை இழுத்துவிடுங்க."

"வெயில் உள்ள வரலையேம்மா."

"இழுத்துவிடுங்க. லைட்டையும் அணைச்சிருங்க."

நாத்தனார் புரியாமல் நின்றாள். மகள் எழுந்து போய் ஒரு ஜன்னலின் திரையை மூடினாள். நெற்றி வெளியே வந்தது. இன்னொன்றையும் மூடினாள். விளக்கை அணைத்தாள். உதடுகள் வந்தன. அரை வெளிச்சத்தில், வெளுத்த கழுத்துப் பட்டையும் புதிதாகத் தைத்த பொத்தானும் தெரிந்தன. சுற்றி நின்றவர்கள் ஏதோ நடக்கிறது என்று நினைத்து ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

கண்ணாடியில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். அவர் கன்னத்தின்மேல் அவள் கன்னம் கிடந்தது. மூடிய கண்களின்மேல் அவளுடைய திறந்த கண்கள்.

"கொஞ்சம் தள்ளி நின்னா நல்லாத் தெரியும்மா" என்றாள் மகள், காதருகில்.

"ம்" என்றாள் அவள். நின்ற இடத்திலேயே நின்றாள்.